மூச்சும் பெட்டியும்: புல்லாங்குழலுக்கு எஃபெக்ட் சேர்க்கும் விதம்

இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பகலெல்லாம் உடைந்த டிஸ்பிளே, மழையில் நனைந்த போர்டு. பொழுது சாய்ந்தால் புல்லாங்குழல். தோட்டத்துக் கோவில் திருவிழா, கல்யாண வீடு, பாடசாலைக் கலைவிழா என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய் வாசிப்பேன். சில வருடங்களாகக் குழல் உறையோடு இன்னொரு பையும் கூட வருகிறது. அதற்குள் ஒரு டிலே (எதிரொலி தருவது), ஒரு ரிவேர்ப் (பெரிய மண்டபத்தில் ஒலிப்பதுபோல வால் சேர்ப்பது), ஒரு லூப்பர் (பதிந்ததைச் சுற்றிச் சுற்றி ஒலிக்கவிடுவது), ஒரு சின்ன மிக்ஸர்.

"இத எப்படிண்ணே மாட்டுறது?" என்று கேட்டுக் கடைக்கு வரும் தம்பிமார் இப்போது கூடிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து விளக்கி முடிப்பதற்குள் திருத்த வேண்டிய போன்கள் மேசையில் குவிந்துவிடுகின்றன. அதனால் ஒரேயடியாக எழுதி வைக்கிறேன். குழலை வைத்துத்தான் சொல்லப்போகிறேன். கிளாரினெட், சாக்ஸபோன், நாதஸ்வரம் ஊதுகிறவர்களுக்கு எங்கே மாறுமோ அங்கே அதையும் சொல்கிறேன்.

மைக்கை நேராகப் பெடலில் குத்தாதீர்கள்

நான் செய்த முதல் வேலையே அதுதான். செகண்ட் ஹேண்டில் ஒரு கிட்டார் டிலே பெடல் (காலால் மிதித்து இயக்கும் பெட்டி) கிடைத்தது. சால்டரிங் அயன் கையிலேயே இருக்கிற தொழில் ஆயிற்றே! மைக் வயரின் முனையை வெட்டி, கிட்டார் பிளக்கை வைத்து ஒட்டி, நேராகப் பெடலில் சொருகினேன். குழல் சத்தம் தகர டப்பாவுக்குள் அகப்பட்ட கொசு போல வந்தது. குமிழைத் திருகத் திருக, குழலை விட 'ம்ம்ம்' என்ற இரைச்சல்தான் கூடியது. அது நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டின் பாட்டு.

காரணம் எளிது. சாதாரண டைனமிக் மைக் (ஷூர் எஸ்எம்58 மாதிரி) தருவது ஒன்றிரண்டு மில்லிவோல்ட். கிட்டார் பெடல் எதிர்பார்ப்பது நூறு, இருநூறு மில்லிவோல்ட். நூறு மடங்கு வித்தியாசம், அதாவது 40 டெசிபல். அந்த இடைவெளியை நிரப்ப நடுவில் ஒரு பிரீஆம்ப் (மைக்கின் சின்னச் சத்தத்தைப் பெருக்குவது) வேண்டும். மைக்குக்கென்றே செய்த எஃபெக்ட் பெட்டிகளில் அது உள்ளேயே இருக்கும். டிசி ஹெலிகான், பாஸ், ஸூம் கம்பெனிகள் பாடகர்களுக்காகச் செய்கிற பெட்டிகளைப் பாருங்கள். எக்ஸ்எல்ஆர் ஓட்டை (மைக் வயரின் மூன்று முனை பிளக்குக்கானது) இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் பாதித் தொல்லை தீர்ந்தது. குரலுக்குச் செய்த பெட்டி குழலுக்கும் பொருந்தும், இரண்டும் மூச்சுத்தானே. ஆனால் அதில் 'பிட்ச் கரெக்‌ஷன்' என்று, சுருதியைத் தானே திருத்துகிற ஒன்று இருக்கும். வாங்கிய அன்றே அதை அணைத்துவிடுங்கள். கமகத்தை, அதாவது ஸ்வரத்தை வளைத்து அசைப்பதை, அது படிக்கட்டாக வெட்டிவிடும்.

கையில் கிட்டார் பெடல்தான் இருக்கிறது என்றால், ஒரு சின்ன மிக்ஸரே போதும். எனக்கு இதுதான் பிடித்த வழி. ஒருமுறை செய்து பார்த்தால் மறக்காது என்பதால் வயர் வயராகச் சொல்கிறேன்.

மைக் முதலாம் சேனலுக்குப் போகிறது. மிக்ஸரின் பின்புறத்தில் 'எஃப்எக்ஸ் சென்ட்' அல்லது 'ஆக்ஸ் சென்ட்' என்று, சத்தத்தில் ஒரு பங்கை வெளியே அனுப்பும் ஓட்டை இருக்கும். அதிலிருந்து ஒரு வயர் பெடலின் இன்புட்டுக்கு. பெடலின் அவுட்புட்டிலிருந்து இன்னொரு வயர் மிக்ஸரின் மூன்றாம் சேனலுக்கு, லைன் ஓட்டையில். இப்போது முதலாம் சேனலில் உங்கள் பச்சைக் குழல் (எஃபெக்ட் சேராத சத்தம்) இருக்கிறது, மூன்றாம் சேனலில் பெட்டி திருப்பித் தருகிற சத்தம் மட்டும். பெடலில் 'மிக்ஸ்' குமிழ் இருந்தால் முழுக்க எஃபெக்ட் பக்கம் திருப்பிவிடுங்கள். பச்சைச் சத்தம் பெடல் வழியாகவும் வந்தால், அது ஓரிரு மில்லிசெக்கன் பிந்தி வந்து நேர்ச் சத்தத்தோடு மோதும். குழாய்க்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி ஒரு பொள்ளல் சத்தம் கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. மூன்றாம் சேனலிலும் ஒரு சென்ட் குமிழ் இருக்குமே, அது சுழியத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியின் சத்தம் திரும்பப் பெட்டிக்கே போய், சுற்றிச் சுற்றி வளர்ந்து, கடைசியில் ஊளையிடும். முதலாம் சேனலின் சென்ட்டையும் அளவாகத் திறங்கள். பெடலில் சத்தம் கரகரக்கும் வரை கூட்டி, அங்கிருந்து கொஞ்சம் இறக்கினால் சரி.

இப்படிச் சுற்றி வளைத்து மாட்டுவதன் லாபம் மேடையில்தான் தெரியும். பெட்டி செத்தாலும் குழல் சாகாது. பெடலுக்குக் கரண்ட் போனாலும், வயர் பிடுங்கப்பட்டாலும், நீங்கள் தப்பான சுவிட்சை மிதித்தாலும் முதலாம் சேனலில் உங்கள் மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்து ஒரே வயரில் கொண்டுபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுவில் ஒரு பிளக் தளர்ந்தால் போதும், மேடையில் ஆள் வாயசைப்பதுபோல நிற்பார்.

மிக்ஸரிலிருந்து சவுண்ட்காரரின் பெரிய போர்டுக்குப் போகும்போது நடுவில் ஒரு டிஐ பெட்டி (இரண்டு கருவிகளைப் பத்திரமாக இணைக்கும் சின்னப் பெட்டி) வையுங்கள். அவர் பக்கத்தில் 48 வோல்ட் பான்டம் (கண்டென்ஸர் வகை மைக்குகளுக்காக மைக் வயர் வழியாகவே அனுப்பும் கரண்ட்) போட்டிருக்கலாம். அது உங்கள் மிக்ஸரின் அவுட்புட்டுக்குள் நேராக வந்து இறங்குவது நல்லதல்ல. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ அதைத் தடுத்துவிடும்.

மைக் எங்கே நிற்க வேண்டும்

குழல் இரண்டு இடத்தில் பேசுகிறது. ஒன்று ஊதுகிற துளை, மற்றது விரலுக்குக் கீழே முதலில் திறந்திருக்கும் துளை. உதட்டுக்கு நேரே மைக்கை வைத்தால் காற்றுத்தான் வரும், 'ஃபூ ஃபூ' என்று. நான் மைக்கை நெற்றி உயரத்துக்குக் கிட்ட வைத்து, ஊதுதுளைக்கும் முதல் விரலுக்கும் நடுவே பார்க்கும்படி கீழே சாய்ப்பேன். தூரம் ஒரு சாண் அல்லது கொஞ்சம் குறைவு. மூச்சு மைக்குக்குக் கீழாகப் போய்விடும், நாதம் மேலே வரும்.

கிளாரினெட்காரர்கள் நுனியில் உள்ள புனலுக்குள் மைக்கை விடுவதைப் பார்க்கிறேன். அடி ஸ்வரங்கள் மட்டும்தான் அங்கிருந்து பலமாக வரும், மற்றதெல்லாம் துளைகளிலிருந்து வருகிறது. கருவியின் நடுப்பகுதியைப் பார்த்து ஒரு முழ தூரத்தில் வையுங்கள். சாக்ஸபோனுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். நாதஸ்வரத்துக்கு ஒரு பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம்) தள்ளியே வைக்கலாம். அதற்கு மைக் தேவையே எஃபெக்டுக்காகத்தான், சத்தத்துக்காக அல்ல.

அப்புறம் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பக்கத்தில் சும்மா பழமொழி இல்லை. தேயிலை மலைச்சரிவில் போட்ட பந்தலில் மைக் முன்னால் காற்று அடித்தால், அந்த 'டம் டம்' அப்படியே டிலேக்குள் போய், ஒவ்வொரு அடியும் நாலு தடவை திரும்பி வரும். பஞ்சு உறை கட்டாயம். மிக்ஸரில் 'லோ கட்' சுவிட்ச் இருந்தால் (80 அல்லது 100 ஹெர்ட்ஸில் வெட்டும்) போட்டுவிடுங்கள். நான் வாசிக்கிற 3 கட்டைக் குழலின் அடி ஸ்வரங்கூட 200 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. கீழே வெட்டினால் போவது காற்றும் ஜெனரேட்டர் உறுமலும் மட்டுமே. டெனர் சாக்ஸபோன்காரர் மட்டும் கொஞ்சம் யோசித்துப் போடட்டும், அதன் அடி ஸ்வரம் 100 ஹெர்ட்ஸுக்கு மிகக் கிட்டே இறங்கும்.

டிலே: லயத்துக்குப் பின்னால் ஒரு பாறை

நான் பிறந்தது மஸ்கெலியா பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். லயத்துக்குக் கீழே பீலி (தண்ணீர் விழும் இடம்), பீலிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளம், பள்ளத்தைத் தாண்டி ஒரு மொட்டைப் பாறை. அம்மா கொழுந்துக்குப் போய் வருவதற்குள் பீலிக்கரையில் நின்றுகொண்டு குழலில் ஒரே ஒரு ஸ்வரத்தை ஊதிவிட்டு வாயை எடுப்பேன். பாறை கொஞ்ச நேரம் கழித்து அதைத் திருப்பிச் சொல்லும். நான் அவசரப்பட்டு இரண்டாவது ஸ்வரத்தை ஊதினால் முதலாவது கேட்காது. அதனால் காத்திருப்பேன். பின்னாளில் பெடலில் தேடிப் பிடித்தபோது அந்த இடைவெளி ஏறத்தாழ 900 மில்லிசெக்கன் என்று வந்தது. சத்தம் ஒரு செக்கனுக்கு 340 மீற்றர் போகும். போய்த் திரும்ப 300 மீற்றர் என்றால், பாறை 150 மீற்றர் தூரத்தில் இருந்திருக்க வேண்டும்.

டிலே பெடலின் நாலு குமிழையும் நான் இன்றுவரை அந்தப் பாறையை நினைத்துத்தான் திருப்புகிறேன். பாறை ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவைதான் சொல்லும். ஆகவே 'ஃபீட்பேக்' குமிழ் குறைவு. பாறை சொல்வது நம் சத்தத்தை விடச் சின்னது. ஆகவே மூன்றாம் சேனல் முதலாம் சேனலுக்குக் கீழே. தூரத்திலிருந்து வருகிற சத்தத்தில் கூர்மை மழுங்கியிருக்கும். ஆகவே 'டோன்' குமிழ் இருட்டுப் பக்கம். பளபளவென்று திரும்பி வருகிற எதிரொலி குழலோடு போட்டி போடும். மங்கலாக வந்தால் குழலுக்குப் பின்னால் போய் நிற்கும்.

மிச்சம் இருப்பது நேரக் குமிழ். தாளத்தோடு வாசிக்கிறீர்கள் என்றால் கணக்குப் போடலாம். 60,000த்தை நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பதால் வகுத்தால் ஒரு தட்டுக்கான மில்லிசெக்கன் கிடைக்கும். நிமிடத்துக்கு 80 தட்டில் ஆதி தாளம் போகிறது என்று வையுங்கள், ஒரு அட்சரம் 750 மில்லிசெக்கன். டிலேயை 375இல் வைத்தால் எதிரொலி அரை அட்சரத்தில் விழும், 250இல் வைத்தால் அட்சரத்தை மூன்றாகப் பிரித்த திஸ்ரம் போலக் குதிக்கும். முக்கால் அட்சரத்தில், அதாவது 562இல் வைத்துப் பாருங்கள். நீங்கள் ஒன்று வாசிக்க இரண்டு பேர் வாசிக்கிற மாதிரி ஒரு பின்னல் வரும்.

இந்தக் கணக்கெல்லாம் கீபோர்டு ரிதம் பெட்டியோடு வாசிக்கும்போதுதான் செல்லும். தவில்காரர் பக்கத்தில் இருந்தால் மறந்துவிடுங்கள். என் மச்சான் தவில் வாசிக்கிறான். 80இல் தொடங்கினால் சாமி வெளியே வரும்போது 100 தாண்டியிருப்பான். அப்போது உங்கள் எதிரொலி தாளத்துக்குக் குறுக்கே நடக்கும். 'டாப் டெம்போ' சுவிட்ச் உள்ள பெடல் என்றால் காலால் தட்டிப் புதுப்பிக்கலாம். இல்லாவிட்டால் 120 மில்லிசெக்கன் போலக் குட்டை டிலே வைத்துக்கொள்ளுங்கள், அது தாளத்தோடு சண்டைக்குப் போகாது.

ராகத்தையும் பாருங்கள். எதிரொலி என்றால் போன ஸ்வரமும் இப்போதைய ஸ்வரமும் சேர்ந்து ஒலிப்பது. மோகனத்தில் எந்த இரண்டு ஸ்வரம் சேர்ந்தாலும் காதுக்கு இதமாகத்தான் இருக்கும், பக்கத்துப் பக்கத்து அரை ஸ்வரம் அதில் இல்லை. சுத்த சாவேரியும் அப்படியே. மாயாமாளவகௌளையில் ஸவும் ரியும் உரசும், பவும் தவும் உரசும். நீண்ட டிலேயில் விறுவிறு என்று வாசித்தால் சேறுதான். அங்கே டிலேயைத் திறந்து மூடிப் பழகுங்கள். சொற்றொடரின் கடைசி ஸ்வரத்துக்கு மட்டும் சென்ட்டைத் திறந்து, அது போய்த் திரும்பும்வரை மூச்சு எடுங்கள். புதிதாக வருகிற தம்பிமாருக்கு நான் கொடுக்கிற ஒரே பாடம் இதுதான்: ஒரு ஸ்வரம், பிறகு எட்டு எண்ணும்வரை சும்மா இரு. அரை மணித்தியாலம். பத்தில் எட்டுப் பேருக்கு இது முடிவதில்லை.

ரிவேர்ப் பற்றி அதிகம் இல்லை

தகரக் கூரை, சீமெந்துச் சுவர் உள்ள மண்டபத்தில் ரிவேர்ப் வேண்டாம், மண்டபமே போதும். வெட்டவெளியில் வேண்டும். 'பிரீ டிலே' என்ற குமிழ் இருந்தால் 30, 40 மில்லிசெக்கன் வையுங்கள். குழல் 'து' என்று தொடங்குகிற இடம் தெளிவாக இருந்துவிட்டு, பிறகு வால் வரும். மேடையில் உங்களைப் பார்த்து நிற்கிற மொனிட்டர் பெட்டிக்கு ரிவேர்ப்பையும் டிலேயையும் அனுப்பச் சொல்லாதீர்கள். மைக் அதைத் திரும்ப வாங்கி ஊளையிட அது ஒரு முக்கியக் காரணம்.

எது குழலுக்கு ஒட்டும், எது ஒட்டாது

வா-வா, ஃபேஸர் போன்றவை சத்தத்துக்குள் இருக்கும் மேல் அதிர்வுகளை வெட்டியும் தூக்கியும் வேலை செய்கிறவை. குழலில் அந்த மேல் அதிர்வுகள் குறைவு, கிட்டத்தட்ட வெறும் அடி ஸ்வரம்தான். வெட்ட ஏதாவது இருந்தால்தானே வெட்டும்? ஆசையாக வாங்கி இரண்டு வாரத்தில் விற்றேன். அதே பெடலை நாதஸ்வரத்திலோ சாக்ஸபோனிலோ போட்டால் பேயாட்டம் ஆடும், சீவாளியின் சத்தத்துக்குள் அவ்வளவு சரக்கு இருக்கிறது. மைல்ஸ் டேவிஸ் 1970ஐ ஒட்டிய வருடங்களில் ட்ரம்பெட்டை வா-வா வழியாக வாசித்தார். ட்ரம்பெட்டிலும் அந்தச் சரக்கு உண்டு, அதனால் எடுபட்டது.

ஹார்மனைசர் (ஊதுகிற ஸ்வரத்தோடு இன்னொரு ஸ்வரத்தைச் சேர்த்து ஒலிக்கும் பெட்டி) குழலை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஒற்றை ஸ்வரம், சுத்தமான சத்தம். 'ராகத்துக்கு ஏற்ப' ஸ்வரம் சேர்க்கிற புத்திசாலி முறையில் மட்டும் வைக்காதீர்கள். நீங்கள் 'க' ஸ்வரத்தை அசைத்தால் பெட்டி அது 'ரி'யா, 'ம'வா என்று தெரியாமல் தாவும். தோடியில் ஒருமுறை முயன்று பார்த்தேன், கோழியைத் துரத்துகிற மாதிரி இருந்தது. நிலையான இடைவெளியில் வையுங்கள்: கீழ் ஸ்தாயி, அல்லது கீழே ஒரு பஞ்சமம். நீங்கள் வளைத்தால் அதுவும் அதே அளவு வளையும். அமெரிக்க ட்ரம்பெட் கலைஞர் ஜான் ஹாசல் பண்டிட் பிரான் நாத்திடம் இந்துஸ்தானி கற்றவர். குரல் போல வளைத்து ஊதி, அதை ஹார்மனைசருக்குள் அனுப்பினார். ஒரு ஆள் ஊத ஒரு கூட்டமே சேர்ந்து வளையும். கமகம் தெரிந்த நமக்கு அது ஒன்றும் தூரத்துச் சங்கதி இல்லை.

கம்ப்ரஸரை (பெரிய சத்தத்தையும் சின்னச் சத்தத்தையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவருவது) கொஞ்சமாக வையுங்கள். கூட்டினால் மூச்சு இரைப்பும் பக்கத்துத் தவிலும் மேலே வரும். நொய்ஸ் கேட் (சத்தம் குறைந்ததும் தானாக மூடிவிடுவது) வேண்டவே வேண்டாம். ஸ்வரம் மங்கி மறைகிற அந்தக் கடைசித் துளியை அது கத்தரித்துவிடும், அந்தத் துளிக்காகத்தானே குழல் ஊதுகிறோம்.

பெட்டிக்குப் பதிலாக லேப்டாப்பில் எஃபெக்ட் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பஃபரை (லேப்டாப் ஒரு தடவையில் எடுக்கும் சத்தத் துண்டின் அளவு) 128இல் வைத்தால் 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு பக்கம் 2.7 மில்லிசெக்கன் பிந்தும், எல்லாம் சேர்த்து பத்துக்குக் கிட்டப் போகலாம். டிலே, ரிவேர்ப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை, பச்சைக் குழல்தான் வேறு வழியாக நேரே போகிறதே.

குளிரும் லூப்பரும்

இது சமவெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாத சங்கடம். நுவரெலியாவில் ஒரு ஜனவரி மாதக் கல்யாணம். இரவு எட்டு மணி, மண்டபத்துக் கதவெல்லாம் திறந்து கிடக்கிறது, மூச்சு விட்டால் புகை தெரிகிறது. தம்புராவுக்குப் பதிலாக லூப்பரில் நானே ஸவும் பவும் ஊதிப் பதிந்து, அதைச் சுற்றவிட்டு, மேலே வாசிக்க ஆரம்பித்தேன். முதல் ஐந்து நிமிடம் தேன். பத்து நிமிடத்தில் எங்கேயோ புளிக்கிறது. மச்சான் தவிலை நிறுத்தாமலே குனிந்து, "மாப்பிள, சுருதி விலகுதுடா" என்கிறான். உதட்டை உருட்டினேன், குழலைத் திருப்பினேன், சரிவரவில்லை. விலகியது லூப்பர் அல்ல. அது பதிந்த இடத்திலேயே ஆணி அடித்தாற்போல நிற்கிறது. குளிர்ந்த குழலில் ஊதிய ஸ அது. பத்து நிமிட மூச்சில் குழல் சூடாகி மேலே ஏறிவிட்டது. என் ஸவோடு என் ஸவே சேரவில்லை.

காற்று சூடானால் அதில் சத்தம் வேகமாகப் போகும், ஊதுகருவியின் சுருதி ஏறும். ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 3 சென்ட் (இது சுருதியின் அளவு, மிக்ஸரின் 'சென்ட்' அல்ல). ஒரு அரை ஸ்வரம் 100 சென்ட் என்பது தெரியுமல்லவா? 10 பாகைக் குளிருக்கும் 30 பாகைக் கொழும்புச் சூட்டுக்கும் கணக்குப்படி 60 சென்ட் வித்தியாசம். குழலுக்குள் இருப்பது நம் மூச்சின் சூடும் கலந்த காற்று என்பதால் நடைமுறையில் அவ்வளவு வராது, ஆனாலும் காதுக்குத் தெரிகிற அளவு வரும். "மேலே வந்தால் காற்று லேசாகும், அதனால்தான் சுருதி மாறுகிறது" என்று சிலர் சொல்வார்கள். உயரம் காரணமல்ல, குளிர்தான் காரணம்.

ஆகவே லூப்பரில் பதிவதற்கு முன் குழலைச் சூடாக்குங்கள். ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு போங்கள், மேடை ஏறுமுன் பத்து நிமிடம் மெதுவாக ஊதுங்கள். சுருதிப் பெட்டியோடு சேர்த்துப் பார்த்து, சூடான பிறகே பதியுங்கள். இடையில் நீண்ட பேச்சு, மாலை மாற்றல் என்று குழல் ஆறிவிட்டால் பழைய லூப்பை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள். சுருதிப் பெட்டியில் நுணுக்கமாக ஏற்றி இறக்கும் குமிழ் இருந்தால், அதைக் குழலுக்கு ஏற்பத் திருப்புங்கள். மூங்கிலைப் பெட்டிக்கு ஏற்பத் திருப்ப முடியாது. ஹார்மனைசருக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை, அது அந்தந்த நேரத்துக் குழலைத்தான் பின்தொடர்கிறது.

கால், கரண்ட், ஈரம்

கிட்டார்காரர் நின்று வாசிக்கிறார், கால் சும்மா இருக்கிறது. நாம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் எங்கே? நான் ஒரு தாழ்ந்த முக்காலிக்கு மாறிவிட்டேன். கோவிலில் செருப்பும் இல்லை, வெறுங்காலால் அந்தச் சின்ன இரும்புக் குமிழை மிதித்தால் குத்தும், குளிரில் இன்னும் மோசம். சோடாப் போத்தலின் பிளாஸ்டிக் மூடியைச் சுவிட்ச் மேல் ஒட்டிவிட்டேன். இருட்டிலும் பெருவிரலுக்கு அகப்படும். இரண்டு பெடலுக்கு இரண்டு நிற மூடி.

வெறுங்கால் என்றதும் இன்னொன்று. ஈரத்தரை, வெறுங்கால், எர்த் இல்லாத ஜெனரேட்டர், உதட்டுக்குக் கிட்ட இரும்பு வலை போட்ட மைக். ஒருமுறை ஒரு தோட்டத்துப் பந்தலில் மைக்கில் உதடு பட்டதும் சுள்ளென்று அடித்தது. அதிலிருந்து டெஸ்டரைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். மேடை ஏறியதும் மைக்கின் மேல் வைத்துப் பார்ப்பேன், விளக்கு எரிந்தால் வாசிக்க மாட்டேன், யார் கோபித்தாலும் சரி. என் பெட்டிகளுக்கு டிரிப் சுவிட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றை நானே செய்து வைத்திருக்கிறேன்.

பெடல்களுக்கு 9 வோல்ட் வேண்டும், பெரும்பாலானவற்றில் நடு முனை நெகட்டிவ். போன் சார்ஜர் கடைகளில் கிடைக்கிற அடாப்டர்களில் பல நடு முனை பொசிட்டிவ். பார்க்காமல் மாட்டிப் புகைந்த பெடல்கள் என் கடைக்கே வந்திருக்கின்றன. ஒரே அடாப்டரில் மூன்று பெடலை மாட்டினால் சிணுங்கல் சத்தம் வரலாம். தனித்தனியாகப் பிரித்துத் தருகிற சப்ளை வாங்குங்கள், அல்லது பட்டரி போடுங்கள். திருவிழாவில் வண்ண விளக்கு போட்டிருக்கிற அதே லைனில் பிளக்கைக் குத்தாதீர்கள்.

மூடுபனி இறங்குகிற இடத்தில் கண்டென்ஸர் மைக் சில நேரம் படபடவென்று பொரியும், ஈரம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். டைனமிக் மைக்கிற்கு அந்தச் செல்லம் கிடையாது. அதனால்தான் மலையில் நான் அதையே கட்டிக்கொண்டு அழுகிறேன்.

முடிந்ததும் முதலில் சவுண்ட்காரரிடம் சொல்லி உங்கள் சேனலை இறக்கச் சொல்லுங்கள், பிறகு 48 வோல்ட், பிறகு பெடல். ஏற்றும்போது இதற்குத் தலைகீழ். குழலுக்குள் துணியை விட்டுத் துடையுங்கள், குளிரில் மூச்சு தண்ணீராக இறங்கியிருக்கும். ஈரக் குழலையும் பெடலையும் ஒரே பைக்குள் போடாதீர்கள். பெடல் பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து கிடக்கட்டும். புதுப் போன் பெட்டிகளில் வருகிற அதே பொட்டலம்தான், கடையில் ஒரு பிஸ்கட் டின் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன், வந்தால் அள்ளிக்கொண்டு போகலாம்.